நெபுலைசர் இருக்கிறது என்ற தைரியம்

பெங்களூரில் குழந்தைகளின் ஆஸ்துமா என்றதும் வாகனப் புகை, கட்டுமானத் தூசி, பார்த்தீனியச் செடி என்று பேச்சு போய்விடுகிறது. அதில் பொய் இல்லை. இந்நகர மருத்துவமனை ஒன்றுக்கு வந்த குழந்தைகளிடம் 1979இல் 9 சதவீதமாக இருந்த ஆஸ்துமா, 1999இல் 29.5 சதவீதமாகப் பதிவானது. மருத்துவமனைக் கணக்கை ஊருக்கே பொருத்த முடியாது. அதற்காக அந்த ஏற்றத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. ஆனால் காற்று சுத்தமாகும்வரை குழந்தையின் மூச்சு காத்திருக்காது. அதைச் சீராக்கும் வழி தெருமுனை கிளினிக்கில்தான் இருக்கிறது.

அங்கே வழக்கமாகக் கிடைப்பது ஒருமுறை நெபுலைசர், ஒரு பாட்டில் சால்பூட்டமால் சிரப். இரைப்பு அடங்கினால் வைத்தியம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். இரைப்பு இல்லாத நாளிலும் மூச்சுக்குழாயின் உட்சுவரில் அழற்சி இருக்கும். சால்பூட்டமால் குழாயைச் சில மணி நேரம் விரிக்கும், அழற்சியைத் தொடாது. சிரப்பாகக் கொடுத்தால் பலன் குறைவு, கைநடுக்கமும் படபடப்பும் அதிகம். அடிக்கடி இரைக்கும் குழந்தைக்குத் தேவை, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர், குறைந்த அளவில், தினமும், ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) வழியாக. மிதமான இரைப்பில் ஸ்பேசர் வைத்த சால்பூட்டமால் இன்ஹேலரே நெபுலைசருக்கு ஈடு என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. அப்படியிருக்க, வீட்டிலேயே நெபுலைசர் வாங்கி வைப்பது பெருகுவதுதான் பயமாக இருக்கிறது. மெஷின் தரும் தைரியத்தில் தினசரி மருந்து நின்றுபோகிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய இரவில் இன்னொரு டோஸ் ஏற்றிப் பார்க்கத் தோன்றுகிறது.

ஸ்டீராய்டு வளர்ச்சியைக் கெடுக்கும் என்பார்கள். சில ஆண்டுகள் தினமும் புடெசோனைடு என்ற ஸ்டீராய்டை இன்ஹேலரில் எடுத்த குழந்தைகளைப் பெரியவர்களாகும்வரை கவனித்த அமெரிக்க ஆய்வு, உயரத்தில் சுமார் 1.2 செ.மீ. குறைவைக் கண்டது. இழப்புதான்; ஆனால் இரவுத் தூக்கமும் பள்ளியும் விளையாட்டும் போவதோடு ஒப்பிட்டால் சிறிது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமே இல்லை. ஐந்து வயதுக்குள் இரைப்பதெல்லாம் ஆஸ்துமா அல்ல என்ற வாதம் நியாயமானது. அதற்காகத்தான் ஒரே டாக்டர் தொடர்ந்து பார்க்கவேண்டும்.

உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆஸ்துமா இறப்புகளிலோ நம் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. இந்த இடைவெளிக்குக் காற்றை மட்டும் பழி சொல்ல முடியாது. நகரின் வார்டுதோறும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் ஸ்பேசரும் இலவசமாகக் கிடைக்கட்டும். ஒவ்வொரு முறையும் டாக்டர் குழந்தையைத் தன் எதிரிலேயே உறிஞ்சச் சொல்லிப் பார்க்கட்டும். பெற்றோர் அடுத்த முறை கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: “டாக்டர், இரைப்பு வராமல் இருக்க என்ன மருந்து?”