ஃபோல்டருக்குள் ஃபோல்டர்... 10,000 போட்டோவில் ஒன்றைக் குலுக்கி எடுப்பது எப்படி?

பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று பல வீடுகளில் இருக்கும். உள்ளே ‘போட்டோஸ்’, அதற்குள் ‘2011’, அதற்குள் ‘கொடைக்கானல்’, அதற்குள் ‘நியூ ஃபோல்டர்’, அதற்குள் ‘நியூ ஃபோல்டர் 2’. ஆயிரக்கணக்கில் படங்கள் கிடக்கும். யாரும் திறந்து பார்ப்பதில்லை. தேடலாம் என்றாலும், எதைத் தேடுவது என்று முதலில் ஞாபகம் வரணுமே!

தினமும் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு படத்தை கம்ப்யூட்டரே எடுத்துக் காட்டினால்? இதற்கு ஆப் எதுவும் வாங்க வேண்டாம், பத்து வரி ஸ்கிரிப்ட் போதும். ஆனால், அந்தப் பத்து வரியை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து சில படங்கள் திரும்பத் திரும்ப வரும். சில படங்கள் நம் ஆயுசுக்கும் வராது. விஷயமே இங்கேதான் இருக்கு.

எப்படி வேலை செய்கிறது?

பைத்தானில் ‘ஓஎஸ் வாக்’ என்று ஒரு வசதி உண்டு. ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால், அதற்குள் இருக்கும் ஃபோல்டர், அதற்குள் இருக்கும் ஃபோல்டர் என்று கடைசி வரை தானே நடந்து போய், எங்கெங்கே என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று சொல்லிவிடும். அந்த முகவரிகளை எல்லாம் ஒரே பட்டியலில் சேர்க்க வேண்டும். பிறகு ‘ராண்டம் சாய்ஸ்’ என்ற கட்டளையிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்தால், ஒன்றை எடுத்துக் கொடுக்கும். அவ்வளவுதான். விண்டோஸ் பவர்ஷெல்லிலும் லினக்ஸ் டெர்மினலிலும் இதையே ஒரே வரியில் முடித்துவிடலாம்.

பலர் முதல் முறை எழுதும்போது பட்டியல் போடுவதில்லை. “முதலில் ஒரு ஃபோல்டரைக் குலுக்கி எடு, அதற்குள் ஒரு ஃபைலைக் குலுக்கி எடு” என்று எழுதிவிடுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு.

ஒரு உதாரணம். இரண்டே ஃபோல்டர். ‘கல்யாணம்’ ஃபோல்டரில் 10 படங்கள், ஸ்கேன் செய்த பழைய ஆல்பம். ‘வாட்ஸ்அப்’ ஃபோல்டரில் 9,990 படங்கள், பாதிக்கு மேல் குட் மார்னிங். ஃபோல்டரை முதலில் குலுக்கினால், கல்யாண ஃபோல்டர் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதாவது ஒவ்வொரு கல்யாணப் படத்துக்கும் 20-ல் 1. வாட்ஸ்அப் படம் ஒவ்வொன்றுக்கும் 19,980-ல் 1. ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் 999 மடங்கு வித்தியாசம்!

சரி, பட்டியல் முறைக்கே போவோம். எல்லாப் படத்துக்கும் சமமாக 10,000-ல் 1. கணக்குப்படி இதுதான் சரியான குலுக்கல். ஆனால் தினம் ஒரு படம் பார்த்தால், கல்யாணப் படம் ஒன்று கண்ணில் பட சராசரியாக 1,000 நாள் ஆகும். கிட்டத்தட்ட 2 வருஷம் 9 மாசம். அதுவரை ரோஜாப்பூவும் காபி டம்ளரும்தான்.

எது நியாயம்?

ஃபைலுக்குச் சம வாய்ப்பா, ஃபோல்டருக்குச் சம வாய்ப்பா என்ற கேள்வி கம்ப்யூட்டருக்கு முன்பே இருந்தது. 10-ம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பிலிருந்தும் ஓலை போட்டு ஒருவரை எடுத்தார்கள். ஒரு குடும்பில் தகுதியுள்ளவர்கள் குறைவாக இருந்தால், அங்கே ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் எந்தக் குடும்பும் விடுபடாது. நம் பாஷையில் சொன்னால், ‘ஃபோல்டருக்கு ஒரு ஃபைல்’.

எனவே ஃபோல்டரை முதலில் எடுப்பது தப்பான முறை என்று சொல்லிவிட முடியாது. தெரியாமல் எடுப்பதுதான் தப்பு. வீட்டு ஆல்பத்துக்கு என்னைக் கேட்டால் நடு வழி ஒன்று உண்டு: ஃபோல்டரில் எத்தனை படம் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை அதன் எடையாக வைப்பது. மேலே சொன்ன உதாரணத்தில் கல்யாணத்துக்கு 3.16, வாட்ஸ்அப்புக்கு 99.95. கல்யாணப் படம் வர சுமார் 3 சதவீத வாய்ப்பு. மாசத்துக்கு ஒரு தடவை தாத்தாவும் பாட்டியும் மாலையோடு வந்து நிற்பார்கள். பைத்தானில் ‘ராண்டம் சாய்சஸ்’ கட்டளைக்கு எடையையும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

இதைவிட மோசமான முறை ஒன்று இருக்கிறது. மேல் மட்டத்தில் கண்ணில் படுவதில் ஒன்றைக் குலுக்கு, அது ஃபோல்டராக இருந்தால் உள்ளே போய் மறுபடி குலுக்கு என்று படிப்படியாக இறங்குவது. ஒவ்வொரு மட்டத்திலும் 10 ஐட்டம் இருந்தால், வெளியே கிடக்கும் ஃபைலுக்கு 10-ல் 1 வாய்ப்பு. நாலாவது மட்டத்தில் இருப்பதற்கு 10,000-ல் 1. ‘நியூ ஃபோல்டர் 2’-க்குள் மாட்டிய கொடைக்கானல் அவ்ளோதான். போதாததற்கு, காலி ஃபோல்டருக்குள் போய் நின்றுவிட்டால் ஸ்கிரிப்ட்டே நின்றுவிடும்.

32,767-க்கு மேல் என்ன ஆகும்?

விண்டோஸின் பழைய பேட்ச் ஃபைலில் எழுதுகிறவர்களுக்கு இது. அதில் ராண்டம் என்று கேட்டால் 0 முதல் 32,767 வரைதான் எண் தரும். லினக்ஸின் பாஷ் ஷெல்லிலும் அதே எல்லைதான். உங்களிடம் 50,000 ஃபைல் இருந்து, அந்த எண்ணை அப்படியே வரிசை எண்ணாகப் பயன்படுத்தினால், பட்டியலின் கடைசியில் இருக்கும் 17,232 ஃபைல்கள் ஒருபோதும் வராது. எரர் மெசேஜ்கூட வராது. பவர்ஷெல், பைத்தானில் இந்தச் சிக்கல் இல்லை.

வீட்டுப் படத்துக்கு பைத்தானின் சாதாரண ராண்டம் தாராளம். பரிசுக் குலுக்கலுக்கோ, எந்த விண்ணப்பத்தைச் சோதனைக்கு எடுப்பது என்று முடிவு செய்யவோ அதைப் பயன்படுத்தக் கூடாது. அதன் உள்ளே ஓடும் மெர்சென் ட்விஸ்டர் தரும் எண்கள் வரிசையாக 624 கிடைத்தால், அடுத்து வருவதை எல்லாம் கணித்துவிட முடியும். அந்த மாதிரி வேலைக்கென்றே பைத்தான் 3.6-லிருந்து ‘சீக்ரெட்ஸ்’ என்ற தனிப் பகுதி இருக்கிறது.

“இது நேத்து வந்த படமாச்சே?”

10,000 படத்தில் தினமும் ஒன்றைக் குலுக்கினால், பார்த்த படமே மறுபடி வர பாதிக்குப் பாதி வாய்ப்பு எப்போது வரும் தெரியுமா? சுமார் 120 நாளில். நாலே மாசம். ஆனால் பார்க்கிறவருக்கு ஸ்கிரிப்ட் சரியில்லை என்றுதான் தோன்றும். ஸ்பாட்டிஃபைக்கும் இதே தலைவலி. ஒரே பாடகரின் பாட்டு அடுத்தடுத்து வருகிறதே என்று பயனர்கள் புகார் சொல்ல, பாடல்களைப் பரப்பி வைக்கும்படி ஷஃபிளை மாற்றியதாக 2014-ல் அந்த நிறுவனமே விளக்கியது.

தீர்வு சுலபம். தினமும் புதிதாகக் குலுக்காமல், மொத்தப் பட்டியலையும் ஒரே தடவை சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைத்துவிடுங்கள். தினமும் மேலிருந்து ஒன்று. தீர்ந்ததும் மறுபடி கலைத்தால் ஆச்சு. 10,000 படம் என்றால் 27 வருஷத்துக்கு வரும்.

ஓட்டுவதற்கு முன்னால்...

படத்தை மட்டும் எடு என்று வடிகட்டும்போது ஜேபிஜி என்பதைச் சின்ன எழுத்தில் மட்டும் கொடுத்தால், பழைய டிஜிட்டல் கேமரா படங்கள் பல விடுபடும். அவை ஃபைல் பெயரின் கடைசியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். புது ஐபோன்களில் ஹெச்இஐசி என்று வேறு வடிவம். மறுபக்கம், ஆண்ட்ராய்டு பேக்கப்பில் ‘தம்ப்நெயில்ஸ்’ என்று மறைந்திருக்கும் ஃபோல்டரை விலக்காவிட்டால், ஒரே படத்தின் குட்டிப் பிரதிகள் வந்து நிற்கும்.

இன்னொன்று, திறக்க அனுமதியில்லாத ஃபோல்டர் வந்தால் ‘ஓஎஸ் வாக்’ எதுவும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். அதன் இயல்பான அமைப்பே அப்படி. அதனால் முதல் தடவை ஓட்டும்போது படம் எதையும் காட்டச் சொல்லாதீர்கள். எந்த ஃபோல்டரில் எத்தனை, எந்த வடிவத்தில் எத்தனை என்று எண்ணிக்கையை மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். கொடைக்கானலுக்கு நேராகப் பூஜ்யம் என்று வந்தால், அந்த ஃபோல்டரை நீங்களே திறந்து பாருங்கள்.