வீட்டுச் சூடும் தாய்சேய் நலமும்



கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ நகரத்தார் வீட்டுக்குள் சித்திரை வெயிலில் நுழைந்து பார்த்திருப்பீர்கள். வெளியே கொளுத்தும், உள்ளே வளவுத் தூணருகே உட்கார்ந்தால் உடம்பு குளிரும். "அது பர்மா தேக்கு போட்ட பணக்காரர் வீடு, நமக்கென்ன?" என்று கேட்கத் தோன்றும். தேக்குக்கும் குளிர்ச்சிக்கும் அவ்வளவு சம்பந்தமில்லை.

காரணம் சுவரிலும் முற்றத்திலும் இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட கனத்த சுவரில் ஏறிய சூடு உள்பக்கம் வந்து சேரவே பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ராத்திரியில் முற்றத்தின் வழியே சூட்டுக்காற்று மேலேறிப் போய், குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தங்கும். அடுக்கடுக்காய் வேய்ந்த நாட்டு ஓடும் வெயிலைத் தடுக்கும். அப்படியிருந்தும் அந்த வீட்டு மனிதர்கள் நாள் முழுக்க ஒரே இடத்தில் இருந்துவிடவில்லை. காலையில் முற்றத்து ஓரம், உச்சிவேளையில் உள்கட்டு, அந்தியில் திண்ணை என்று வெயிலுக்குத் தக்கபடி இடம் மாறினார்கள்.

இடம் மாறக் காசு வேண்டாம். கர்ப்பிணியோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில் இதை அவசியம் செய்ய வேண்டும். கடும் வெப்பத்தில் குறைமாதப் பிரசவமும், குழந்தை வயிற்றிலேயே இறப்பதும் கூடுகின்றன என்று பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. கைக்குழந்தைக்கோ வேர்த்து உடம்பைக் குளிர வைக்கும் சக்தி குறைவு. 'புழுங்குது' என்று வாய்விட்டுச் சொல்லவும் தெரியாது.

முதலில் உங்கள் வீடு எந்நேரம் சுடுகிறது என்று பாருங்கள். தகர வீடும் சிமெண்ட் ஷீட் வீடும் 11 மணிக்கே கொதிக்கும்; ராத்திரியில் சீக்கிரம் ஆறிவிடும். அங்கே பகலில் கர்ப்பிணிக்கு வேப்பமரத்தடிதான் நல்ல இடம். தளம் போட்ட வீடு இதற்கு நேர்மாறு. பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் அந்திக்குமேல் உள்ளே கக்கும். ராத்திரி 10 மணிக்கு ஃபேன் காற்று அனலாய் அடிக்கிறதே, அது இதனால்தான். அந்த வீட்டுக்காரர்கள் திண்ணையில் கொசுவலை கட்டிப் படுப்பது மேல்.

கணவன்மார்களுக்கு ஒரு வேலை. மாசி பங்குனியிலேயே தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு தடவை அடித்துவிடுங்கள். பகலில் ஜன்னலைச் சாத்தி, பொழுது சாய்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பிள்ளை பெற்றவளைக் 'காத்து கருப்பு' என்று கதவடைத்த அறையில், அதுவும் அடுப்புப் புகைக்குப் பக்கத்தில் போடுவது சித்திரையில் தண்டனைதான். மாமியார் சொல்லை மருமகளால் தட்ட முடியாது. மகன் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள்.

மார்கழிப் பனியில் கதை வேறு. 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தை சீக்கிரம் சில்லிட்டுப் போகும். பகல் வெயில் வாங்கிய மேற்குச் சுவர் ராத்திரி கதகதப்பாயிருக்கும். அந்த அறையில் படுங்கள். குழந்தைக்குக் குல்லாய் போட்டு, தாயின் வெறும் மார்போடு அணைத்து, மேலே துணி போர்த்துவது எந்தக் கணப்புச் சட்டியைக் காட்டிலும் நல்லது.

கோடையில் தாய், தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் தண்ணீர், நீர்மோர், கஞ்சி குடிக்கட்டும். 6 மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். அடிக்கடி கொடுத்தால் போதும், தண்ணீர்கூட வேண்டாம். குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, உடம்பு அனலாய்க் கொதித்தாலோ, சில்லிட்டாலோ, கர்ப்பிணிக்கு மயக்கம் வந்தாலோ, வயிற்றில் அசைவு குறைந்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108-க்குப் போன் போடுங்கள்.