புகைக்கும் ஒரு பேரேடு

ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் சென்றபின் தணிக்கை அறிக்கை வருமாயின், அதைக் கொண்டு எந்தச் சங்கமும் நூல் கொள்முதலுக்கோ பயிர்க் கடனுக்கோ திட்டமிட இயலாது. அங்கத்தினர் யாவரும் அறிந்த இவ்வுண்மை நாட்டின் பெருங்கணக்கு ஒன்றுக்கும் பொருந்தும். நம் தொழில்களின் வாயிலாகக் காற்றிற் கலக்கும் கரியமில வாயுவின் கணக்கே அது.

2020ஆம் ஆண்டுக்குரிய இக்கணக்கை இந்திய அரசு ஐக்கிய நாடுகளின் பருவநிலை உடன்படிக்கைச் செயலகத்திடம் அளித்த நாள் 2024 டிசம்பர் 30. வெப்பத்தைப் பிடித்து வைக்கும் எல்லா வாயுக்களையும் கரியமில வாயுவின் அளவுக்கு மாற்றிக் கூட்டினால், அவ்வாண்டில் சுமார் 296 கோடி டன் வெளிப்பட்டதாக அவ்வறிக்கை கூறிற்று. இது 2019ஆம் ஆண்டைவிட 7.93 விழுக்காடு குறைவு. கொள்ளைநோயால் ஆலைகளும் வண்டிகளும் முடங்கிய ஆண்டு அஃது என்பதை நினைவிற் கொண்டால் இக்குறைவில் வியப்பில்லை. ஆனால் கணக்கு வெளிவந்த நாளிலோ, ஆலைகள் மீண்டும் ஓடத் தொடங்கி நெடுங்காலம் ஆகிவிட்டது. நாட்டின் உற்பத்தி மதிப்போ காலாண்டு முடிந்து ஏறக்குறைய இரண்டு மாதங்களில் தெரிந்துவிடுகின்றது. வரவு இரண்டு மாதத்தில் தெரிய, அவ்வரவை ஈட்டுகையில் எழுந்த புகை நான்கு ஆண்டு கழித்துத் தெரிவானேன்?

புகைபோக்கிதோறும் கருவி வைத்து அளந்து இக்கணக்கு எழுதப்படுவதாக எண்ண வேண்டா. எரிந்த பொருளின் அளவை, அதற்குரிய வாயு விகிதத்தால் பெருக்குவதே முறை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு எழும். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரி சுமார் 700 கிராம். நிலக்கரி, பெட்ரோலியப் பொருள்கள், மின் உற்பத்தி ஆகியவற்றின் அளவுகளை உரிய துறைகள் மாதந்தோறும் வெளியிட்டு வருகின்றன. ஆகவே, நாட்டின் மொத்தக் கரியமில வாயுவை விரைந்து மதிப்பிடுவது இயலாத காரியம் அன்று. எந்தத் தொழிலுக்கு எவ்வளவு என்று பங்கிடுவதே கடினம்.

இவ்வாறு பங்கிட்டு எழுதுவதற்கென ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் 2012இல் ஒரு பொது முறையை ஏற்றது. தேசிய வருமானக் கணக்கில் தொழில்கள் எவ்வரிசையில் நிற்கின்றனவோ, அதே வரிசையில் அவற்றின் புகையையும் நிறுத்துவது அம்முறையின் சாரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகம் 2021 முதல் இக்கணக்கைக் காலாண்டுதோறும் வெளியிடத் தொடங்கிற்று. முதலில் உத்தேச மதிப்பு. பிறகு முழு விவரம் வந்ததும் திருத்தம்.

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இப்பங்கீடு எத்தகையது என்று பார்த்தால், இதன் சிக்கல் தெளிவாகும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையே கொதிகலனுக்கு எரிபொருள். கண்ணுக்குத் தெரியும் புகை அங்கு மிகுதி. எனினும், சக்கையிலிருந்து எழும் கரியமில வாயு நாட்டின் மொத்தத்தில் கூட்டப்படுவதில்லை. தனிக் குறிப்பாகவே எழுதப்படுகின்றது. வளரும் கரும்பு அதே வாயுவைக் காற்றிலிருந்து மீண்டும் உட்கொள்ளும் என்பது காரணம். ஆனால், அவ்வாலைக்குக் கரும்பு ஏற்றிவரும் டிராக்டரின் டீசல் முழுமையாகக் கணக்கில் ஏறும்.

எவர் கணக்கில் ஏறும் என்பதே அடுத்த வினா. பங்க்கில் விற்ற டீசல் எத்தனை லிட்டர் என்பது தெரியும். அது லாரிக்குச் சென்றதா, டிராக்டருக்கா, எண்ணெய் எஞ்சினுக்கா என்பது விற்பனைக் கணக்கில் தெரியாது. 2012-13ஆம் ஆண்டுக்கு நாடு முழுவதும் ஒரு மாதிரி ஆய்வு நடத்தி, டீசலில் 70 விழுக்காடு போக்குவரத்துக்கும் 13 விழுக்காடு வேளாண்மைக்கும் செல்வதாக மதிப்பிட்டனர். இவ்வகை விகிதம் பழமைப்படப் பழமைப்பட, பங்கீடும் உண்மையை விட்டு விலகும். கிணற்று மோட்டார்களின் நிலையும் இதுவே. இலவச மின்சாரம் பெறும் பம்பு செட்டுகள் பலவற்றுக்கு மீட்டர் இல்லை. குதிரைத்திறனையும் மாதிரி அளவீடுகளையும் கொண்டு உத்தேசமாகவே அவற்றின் செலவைக் கூறுகின்றனர். உத்தேசம் மிகுந்தால், விவசாயி செலவிடாத மின்சாரத்தின் புகையும் அவர் தலையில் ஏறும்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் மரவள்ளிக் கிழங்குக்கும் இக்கதை உண்டு. வாடகை லாரியில் சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்குச் சென்றால் அப்புகை போக்குவரத்துத் தொழிலுக்கு. விவசாயி தம் சொந்த டிராக்டரில் கொண்டு சென்றால், தொழில்வாரிக் கணக்கில் வேளாண்மைக்கு. கிழங்கும் பாதையும் ஒன்றே! மலையின் காடுகளோ வரவுப் பக்கத்தில் நிற்பவை. 2020இல் நாட்டின் காடும் நிலமும் சுமார் 52 கோடி டன்னை ஈர்த்துக்கொண்டதாக மேற்கூறிய அறிக்கை தெரிவிக்கின்றது. மலைவாழ் மக்கள் காக்கும் மரங்களும் அத்தொகையுள் அடங்கியவையே.

நெசவாளர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கைத்தறியில் மிதிப்பது கால், நாடா எறிவது கை. சேலையில் அடங்கிய புகையின் பெரும்பகுதி நூற்பாலையின் மின்சாரத்திலும் சாயமேற்றும் வெந்நீரிலும் பிறந்தது. விரிவான பகுப்பு இல்லாத அட்டவணையில் நூற்பாலை, விசைத்தறி, கைத்தறி மூன்றும் ‘ஜவுளித் தொழில்’ என்ற ஒரே வரியில் ஒடுங்கிவிடும். அவ்வரியின் சராசரியைக் கொண்டு நாளை வரியோ சலுகையோ வகுக்கப்பட்டால், குழித்தறிக்காரருக்கு அது நியாயம் ஆகாது.

தேசிய வருமானக் கணக்கும் ஒரு காலத்தில் இப்படித்தான் தடுமாறிற்று. 1949இல் மகலனோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் குழு அமைந்தபோது, சிறு தொழில்களைப் பற்றியும் வேளாண்மையைப் பற்றியும் விவரம் மிகக் குறைவு. குழுவினர் முழு விவரம் சேரும்வரை காத்திராமல் 1951இல் முதல் அறிக்கையை வெளியிட்டு, 1954இல் இறுதி அறிக்கையை அளித்தனர். அக்குழுவின் மூவருள் ஒருவர் தனஞ்சயராவ் காட்கில். மகாராஷ்டிரத்துப் பிரவரா கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் தலைவராகவும் விளங்கியவர். ஆலைக் கணக்கையும் தேசக் கணக்கையும் ஒருங்கே அறிந்த அத்தகையோர் இன்று புகைக் கணக்குக்கும் தேவை என்பது நம் கருத்து.

சங்கங்கள் செய்யக்கூடியது சிறிதே எனினும் பயனுடையது. செலவுப் பேரேட்டில் டீசலும் மின்சாரமும் ரூபாயாக மட்டும் ஏறினால், விலை மாறியபின் அளவைக் கண்டறிவது தொல்லை. பற்றுச்சீட்டில் லிட்டரும் யூனிட்டும் அச்சாகியே வருகின்றன. அவற்றுக்கு ஒரு பத்தி கூடுதலாக வரைந்தால் போதும். மாதிரி ஆய்வுக்கு எவரேனும் வந்து கேட்கும்போது உத்தேசம் கூறாமல் ஏட்டைக் காட்டலாம். சாயப்பட்டறை விறகை எடை போட்டு வேறு பத்தியில் எழுதுதல் நன்று. கரும்புச் சக்கையைப் போலவே விறகும் டீசலோடு சேர்த்துக் கூட்டப்படும் பொருள் அன்று.