இதயத்தில் படியும் இரும்பு

உயிர் காக்க ஏற்றப்படும் ரத்தமே தலசீமியா நோயாளிகளின் இதயத்துக்கு எதிரியாகிறது. தடுக்க மருந்து இருக்கிறது, தேவை விழிப்புணர்வு.

கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகளில் ரத்தநோய்ப் பிரிவுகளுக்குப் பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் மாதம் தவறாமல் வருகிறார்கள். கையில் ஊசி ஏறும்; சில மணி நேரத்தில் ரத்தப் பை காலியாகும்; முகத்தில் தெளிவு வரும். ஆனால் அந்த ரத்தத்தோடு உடலுக்குள் போன இரும்பு வெளியே வருவதில்லை.

வங்காளத்துக்கு இது பழைய நோய். இந்தியாவின் முதல் தலசீமியா நோயாளியைப் பற்றி 1938இல் எழுதியவர் கல்கத்தா மருத்துவர் முகர்ஜி. வங்காளிகளிடம் பரவலாக உள்ள 'ஹீமோகுளோபின் ஈ' என்ற மரபுக் குறையை 1950களில் ஆராய்ந்தவர், அந்நகரின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஜே.பி. சாட்டர்ஜி. பெற்றோரில் ஒருவரிடமிருந்து இந்தக் குறையும் மற்றவரிடமிருந்து பீட்டா தலசீமியாவும் சேர்ந்தால் குழந்தைக்கு 'ஈ-பீட்டா தலசீமியா' வரும். இவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுவதும் ரத்தம் தேவைப்படலாம்.

கணக்கு எளிது. ஒரு யூனிட் ரத்தத்தில் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு. உடல் இயல்பாக வெளியேற்றுவதோ நாளுக்கு 1 முதல் 2 மில்லிகிராம். ஆண்டுக்கு 20 யூனிட் ஏற்றினால் சேரும் இரும்பு 4 கிராமுக்குக் குறையாது. ஆரோக்கியமான ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பே ஏறக்குறைய இவ்வளவுதான்.

மிஞ்சிய இரும்பு முதலில் கல்லீரலிலும், பிறகு நாளமில்லாச் சுரப்பிகளிலும் இதயத் தசையிலும் படிகிறது. இதயத்துடிப்பு தாளம் தவறும். கடைசியில் இதயம் செயலிழக்கும். மூச்சிரைப்பும் கால் வீக்கமும் தெரியும்போது நிலைமை முற்றியிருக்கும். ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை இதயத்தின் நிலையைச் சரியாகக் காட்டாது. எக்கோவும் தாமதமாகவே எச்சரிக்கும். 2001இல் லண்டன் மருத்துவர்கள் வெளியிட்ட 'டி-2 ஸ்டார்' எம்.ஆர்.ஐ. முறைதான் இதய இரும்பை நேரடியாக அளக்க வழி செய்தது. அளவு 20 மில்லி விநாடிக்குக் கீழே போனால் இரும்பு படிகிறது என்று பொருள். 10க்குக் கீழே அபாயம்.

இரும்பை வெளியேற்ற மூன்று மருந்துகள் உள்ளன. டெஸ்ஃபெரியாக்ஸமினைச் சிறு பம்ப் மூலம் தோலுக்கடியில் இரவில் 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் 5 நாட்களாவது செலுத்த வேண்டும். வாய்வழி மருந்தான டெஃபெரிப்ரோன், 1990களின் நடுவில் உலகிலேயே முதலில் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது. இதயத்திலிருந்து இரும்பை நன்கு இழுக்கும். ஆனால் வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை அவசியம். மூன்றாவது, 2005இல் அமெரிக்க அனுமதி பெற்ற டெஃபெராசிராக்ஸ். தீவிர சிகிச்சையால் பலவீனமான இதயம் தேறியதும் உண்டு. ஆனால் வளரிளம் வயதில் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்து தொடங்குவதும் அந்த வயதில்தான்.

தமிழகத்துக்கும் இதில் பாடம் உண்டு. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952இல் கண்டறியப்பட்ட அரிவாள் செல் சோகையிலும் சிலருக்கு அடிக்கடி ரத்தம் ஏற்ற நேர்கிறது. இவர்களுக்கு இரும்பு பெரும்பாலும் கல்லீரலில் தங்குகிறது; இதயத்தைத் தொடுவது குறைவு. ஆனாலும் பல ஆண்டுகள் ரத்தம் ஏற்றியவர்களுக்கு இதயப் பரிசோதனை தேவை. பழைய ரத்தத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றும் மாற்று ரத்தமேற்றுதலில் இரும்பு சேருவது குறையும்.

மத்திய அரசு 2023இல் தொடங்கிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம் நோயாளிகளைக் கண்டறிய முனைகிறது. கண்டறிந்த பிறகு, "அடுத்த ரத்தம் எப்போது?" என்று கேட்கும் பெற்றோர், "இதயத்தில் இரும்பு எவ்வளவு?" என்றும் கேட்கப் பழக வேண்டும்.