வாழைச்சீப்பும் கறுவா எண்ணெயும்



சந்தையில் வாங்கிய புளிவாழைச் சீப்பைச் சமையலறையில் தொங்கவிடுகிறீர்கள். சில நாட்களில் சீப்பை வெட்டிய அடிப்பகுதி கறுத்து, பழங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. அளவுக்கு மீறிக் கனிந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு நோய். வெட்டுவாயின் ஈரத்தில் பங்கசுகள் குடியேறி அழுகலை உள்ளே பரப்புகின்றன.

இதைத் தடுக்க, பெனோமில் போன்ற இரசாயனக் கரைசலில் பழத்தைத் தோய்த்தெடுப்பது வியாபாரத்தில் நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நீங்கள் அறிந்ததே. அந்த ஈரத்தையாவது கைவிட்டுப் பார்க்க முடிந்தது. தோலில் படிந்த மருந்தை, பிள்ளைக்குப் பழம் உரித்துக் கொடுக்கும் தாய் எப்படிக் காண்பாள்?

இதற்கு மாற்று நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. வாழைப்பழத்தை அழுகச் செய்யும் பங்கசுகளின் வளர்ச்சியைக் கறுவா எண்ணெயும் கராம்பு எண்ணெயும் தடுப்பதை இலங்கை ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். ஆய்வுகூடத்தில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒரு பங்கு எண்ணெயே போதுமாயிருந்தது. பல்வலிக்குக் கராம்பு எண்ணெய் வைக்கும்போது மணக்கிறதே, அந்த யூஜினோல் என்ற பொருள்தான் கறுவா இலை எண்ணெயிலும் மிகுதி. அது பங்கசின் உயிரணுவைச் சூழ்ந்துள்ள மென்சவ்வைச் சிதைத்துவிடுகிறது. அல்லாஹ் அந்த இலையில் வைத்த காவல் அது!

ஆனால் அவசரப்பட்டு எண்ணெய்ப் போத்தலைத் திறந்துவிடாதீர்கள். இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று கொள்வது தவறு. செறிவான எண்ணெய் கையையும் எரிக்கும், பழத்தோலையும் கருக்கும். அது தண்ணீரில் கரையாது; பால்மமாக்கித்தான் தெளிக்க வேண்டும். விரைவில் ஆவியாகிவிடுவதால் திறந்த தோட்டத்தில் அதன் பலன் நீடிக்காது. மூடிய பொதியில் வைக்கும் பழத்துக்கே கூடுதலாக உதவும். 2021இல் இரசாயனங்களின் இறக்குமதியைத் திடீரென நிறுத்தியபோது விவசாயிகள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. இத்தகைய மாற்று வழிகளை முன்கூட்டியே பரீட்சித்து அவர்கள் கையில் கொடுத்திருக்க வேண்டாமா?

வீட்டு வாழையில் குலை வெட்டுவோர் எண்ணெய் இல்லாமலே செய்யக்கூடியது ஒன்றுண்டு. கத்தியைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். சீப்பின் அடியில் சற்றுத் தடிப்பாகத் தண்டை விட்டு வெட்டுங்கள். பாலைச் சுத்தமான நீரில் கழுவி, காற்றில் உலரவிட்ட பிறகே சீப்புகளை அடுக்குங்கள். வெறுந்தரையில் மட்டும் போடாதீர்கள். மண்ணிலும் காய்ந்த வாழைச் சருகிலும் அதே பங்கசுகள் காத்திருக்கின்றன.