சத்தம் வருது, படம் வரல

திண்டிவனத்தில் கல்யாணம் முடிந்து சில வாரங்களில் ஸ்டுடியோவிலிருந்து பென் டிரைவ் வந்துசேரும். விழுப்புரத்தில் இருக்கும் பெண் வீட்டார் ஆவலோடு அதைக் கணினியில் செருகுவார்கள். நாதஸ்வரம் ஒலிக்கும், திரை கறுப்பாகவே நிற்கும். "சத்தம் வருது, படம் வரல" என்று வீடியோக்காரருக்குப் போன் போகும். பெரும்பாலும் பென் டிரைவிலும் குறை இருக்காது, கணினியிலும் இருக்காது. வீடியோவைச் சுருக்கிய முறை ஒன்று, அந்த வீட்டுப் பிளேயருக்கு விரிக்கத் தெரிந்த முறை வேறு. அவ்வளவுதான்.

எதற்காகச் சுருக்க வேண்டும்? கணக்கைப் பாருங்கள். முழு எச்டி படம் ஒன்றில் 1,920-க்கு 1,080 என்று 20 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்துக்கு 3 பைட். நொடிக்கு 25 படங்கள் என்றால் ஒரு நொடிக்கே 155 எம்பி ஆகிவிடும். இரண்டரை மணி நேர வீடியோ அப்படியே எழுதப்பட்டால் ஏறத்தாழ 1,400 ஜிபி. அது 4 ஜிபி கோப்பாக உங்கள் கையில் இருக்கிறது. 350-இல் ஒரு பங்கு!

முதல் தந்திரம், மாறாததைத் திரும்பச் சொல்லாமல் இருப்பது. மணமேடையின் பூ அலங்காரம் ஒரு நொடிக்குள் மாறப்போவதில்லை. ஒரு படத்தை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த படங்களுக்கு 'இந்தத் துண்டு இவ்வளவு நகர்ந்தது, இங்கே இவ்வளவு வித்தியாசம்' என்று மட்டும் குறித்தால் போதும். இரண்டாவது, நம் கண்ணின் பலவீனம். வெளிச்சத்தின் நுணுக்கத்தைப் பார்க்கும் அளவுக்கு நிறத்தின் நுணுக்கத்தைக் கண் பார்ப்பதில்லை. ஆகவே நிற விவரத்தில் பெரும்பகுதியைக் கழித்துவிடலாம்.

மூன்றாவதில் நம்மவர்களின் பங்கு இருக்கிறது. 1974-இல் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்ற மூவர் ஒரு கணித முறையை வெளியிட்டார்கள். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். ராவ் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெதுவாக மாறும் சாயல்களையும் வேகமாக மாறும் நுண்கோடுகளையும் தனித்தனி எண்களாக்குகிறது அந்த முறை. கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளின் எண்களை நீக்கினாலும் படம் படமாகவே இருக்கும். ஜேபெக் புகைப்படம் முதல் இன்றைய வீடியோ வரை அதன் வழிவந்த முறைகள்தான் ஓடுகின்றன. 

பிளேயரின் வேலை இதை எல்லாம் தலைகீழாகச் செய்வது. நொடிக்கு 25 முறை, இடைவிடாமல். கோப்பின் பெயரில் எம்பி4 என்று இருப்பதால் எதுவும் உறுதியாகிவிடாது. எம்பி4 வெறும் அடுக்குக் கேரியர். ஒரு தட்டில் படம், ஒன்றில் ஒலி, ஒன்றில் வசனவரி. படத்தட்டில் இருப்பது 2003-இல் வந்த எச்.264 முறையா, 2013-இல் வந்த எச்.265 முறையா என்பதே கேள்வி. புதியது ஏறத்தாழ அதே தரத்தைப் பாதி அளவில் தரும்; ஆனால் விரிப்பதற்குக் கணினி அதிகம் உழைக்க வேண்டும். விண்டோஸ் 10 உள்ள பல கணினிகளில் எச்.265-ஐ விரிக்கும் நிரலான கோடெக் முன்கூட்டியே இருப்பதில்லை. ஒலித்தட்டு திறக்கும், படத்தட்டு திறக்காது.

2011 முதல் அரசு தந்த இலவச மடிக்கணினிதான் விழுப்புரம் மாவட்டத்தில் பல வீடுகளின் முதல் கணினி. அத்தகைய பழைய மடிக்கணினிகளில் எச்.265 திறந்தாலும் படம் திக்கித் திக்கி ஓடும். ஒலி பிசகினால் காது உடனே கண்டுபிடிக்கும். அதனால் பிளேயர்கள் பொதுவாக ஒலியைத் தடையின்றி ஓடவிட்டு, பின்தங்கிய படங்களைத் தாண்டிவிடுகின்றன. பழைய கணினி வைத்திருப்பவர்கள் வீடியோக்காரரிடம் முன்பே "எச்.264-இல் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள்.

பிளேயரைப் பொறுத்தவரை, கோடெக்குகளைத் தன்னோடே சுமந்துவரும், மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஒன்றைத்தான் நான் சொல்வேன். முதல் தேர்வு விஎல்சி. 1996-இல் பாரிஸின் எகோல் சென்ட்ரால் மாணவர்கள் தங்கள் வளாக வலையமைப்பில் தொலைக்காட்சி பார்க்கத் தொடங்கிய வேலை அது. 2001 பிப்ரவரியில் கட்டற்ற மென்பொருளாக உலகத்துக்கு வந்தது. பெரிய வசதிகள் வேண்டாம், இலேசாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு எம்பிவி. பிளேயரை உருவாக்குபவர்கள் கைவிட்டாலும் மூலநிரல் கையில் இருப்பவர்கள் அதைத் தொடர முடியும். இருபது வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய கோப்புக்கு இது முக்கியம்.

2022-இல் விஎல்சியின் இணையதளம் இந்தியாவில் மாதக்கணக்கில் முடக்கப்பட்டிருந்தது. நவம்பரில்தான் தடை நீங்கியது. இப்போது அதன் சொந்தத் தளம் திறக்கிறது. தேடலில் வரும் வேறு தளங்களிலிருந்து இறக்காதீர்கள், விளம்பர மென்பொருளும் சேர்ந்து வரலாம். 

ஏற்கெனவே விஎல்சி வைத்திருப்பவர்கள் அதன் பதிப்பைப் பாருங்கள். 2018-இல் வந்த 3.0-இல்தான் தமிழ் போன்ற எழுத்துகளைக் கோத்துக்காட்டும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் சேர்ந்தது. தமிழ் வசனவரியில் 'கொ'வின் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், பழைய பதிப்பை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுங்கள். வசனவரி முந்தினாலோ பிந்தினாலோ ஜி, எச் விசைகளாலும், ஒலி பிசகினால் ஜே, கே விசைகளாலும் சரிசெய்துகொள்ளலாம்.