அடுத்த படி யார் கையில்?

பண்ணைக் கடலின் மேலமைந்த தெருவழியே யாழ்ப்பாண நகரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்பவர் வேலணைத் தீவை அடைவர். ஊர்காவற்றுறைத் தீவு, லைடன் தீவு என்பனவும் அதற்கு வழங்கும் பெயர்களே. அத்தீவின் சிற்றூர்களுள் ஒன்று சுருவில். அங்கே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, பழைய பேரேடுகளை மூடிவைத்துவிட்டுக் கணினியிற் கணக்கெழுத முற்படுகிறது என்று ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கரைக்கு வந்த நண்டின் நிறை, விற்ற விலை, வலை வாங்க அங்கத்தவர் பெற்ற கடன், அவர் கட்டிய தவணை ஆகிய யாவும் இனி மென்பொருளில் ஏறும். அம்மென்பொருளை நகரத்து நிறுவனம் ஒன்று ஆண்டுச் சந்தாவுக்குக் கொடுக்கிறது.

உடன்படிக்கையிற் கையொப்பம் விழுந்தவுடன் விற்றவரின் வேலை முடிந்தது. வாங்கியவரின் வேலையோ அன்றுதான் தொடங்குகிறது. பழைய கணக்குகளை மாற்றியேற்ற ஒருவர், எழுதுவினைஞருக்குப் பயிற்சி அளிக்க மற்றொருவர், ஐயம் தீர்க்க வேறொருவர் என்று நிறுவனத்தினுள்ளே பொறுப்புக் கைமாறிச் செல்லும். கடன் நிலுவையிற் சில, தனிக் கொப்பி ஒன்றில் எழுதப்பட்டுள்ளன என்று சங்கச் செயலாளர் விற்பனையாளரிடம் வாய்மொழியாகக் கூறியிருப்பார். அச்சொல் அடுத்தவர் செவிக்கு எட்டாது போயின், கட்டித் தீர்த்த கடன் ஓர் ஏழைத் தொழிலாளியின் பெயரில் மீண்டும் தோன்றும். அந்தப் பிழை இயந்திரத்தின் பிழையன்று. ஒரு கைக்கும் மறு கைக்கும் இடையே சொல் தவறி விழுந்ததால் வந்த பிழை.

இவ்விடையூற்றைத் தவிர்க்க எழுந்ததே வாடிக்கையாளர் வெற்றி முகாமை என்னும் துறையும், அதற்கான மென்பொருளும். மென்பொருளை ஒரே விலைக்கு விற்றுவிட்ட காலத்தில், வாங்கியவர் பயனடைந்தாரா என்ற கேள்வி விற்றவரை அவ்வளவாக வருத்தவில்லை. 1999 இல் தொடங்கிய சேல்ஸ்போர்ஸ் போன்ற நிறுவனங்கள் இணையவழிச் சந்தா முறையைப் பரப்பிய பின்னர் நிலை மாறிற்று. பயன் காணாதவர் அடுத்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்க மாட்டார் அன்றோ? தமிழகமும் இம்மாற்றத்திற் பங்குகொண்டது. 2010 இல் சென்னையில் தோன்றி, 2021 இல் அமெரிக்க நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஃபிரெஷ்வொர்க்ஸ் நிறுவனம், இத்துறைக்கென மென்பொருள் செய்த நட்டேரோ என்னும் நிறுவனத்தை 2019 இல் தன்னுடன் இணைத்துக்கொண்டது.

இத்தகைய மென்பொருளின் நடுநாயகமாக விளங்குவது வேலையோட்டக் கண்காணிப்பு. அதன் வேலை மிக எளியது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் செய்யவேண்டியவற்றைப் படிபடியாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் மூன்று விடைகளை அது கேட்கும். செய்பவர் யார்? முடியும் நாள் எது? இப்போதைய நிலை என்ன? சுருவிற் சங்கத்தின் பெயரைத் திறந்தால், பொறுப்பேற்றல், பழைய கணக்கு ஏற்றல், சரிபார்த்தல், பயிற்சி, முதல் மாதக் கணக்கு, சந்தா புதுப்பித்தல் என்று படிகள் வரிசையாகத் தோன்றும். ஒரு படியை மற்றொன்றுடன் பிணைக்கவும் இயலும். கணக்குச் சரிபார்த்து முடியாமற் பயிற்சி தொடங்கக்கூடாது என்று பிணைத்துவிட்டால், அவசரக்காரர் அதனைத் தாண்டிச் செல்ல முடியாது.

இப்படிகளைப் பலவகையாகக் காணலாம். பட்டியற் காட்சியில் நாள் கடந்த வேலைகள் முதலில் நிற்கும். பலகைக் காட்சியில், தொடங்காதவை, நடப்பவை, முடிந்தவை என்ற நிரல்களில் வேலைகள் அட்டைகளாக நகரும். ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் தைச்சி ஓனோ வளர்த்த கான்பன் அட்டை முறையே இதற்கு மூதாதை. காலவரிசைக் காட்சியிலோ ஒரு வாடிக்கையாளரோடு நடந்த உரையாடல், கடிதம், முறைப்பாடு அனைத்தும் நாள்வாரியாக நிற்கும்.

புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் பட்டியலிலேயே தங்கிவிடுகின்றனர். அதில் வேலைகள் தெரியும், மனிதர் தெரியார். ஆதலின் காலையில் நாள் கடந்தவற்றைப் பட்டியலில் நோக்கியபின், அவற்றுக்குரிய வாடிக்கையாளரின் காலவரிசையைத் திறந்து வாசித்தல் நன்று. தனிக் கொப்பி பற்றிய செய்தியை விற்பனையாளர் அங்கே ஒரு வரி எழுதியிருந்தால், கணக்கேற்றுபவர் அதனைக் கண்டிருப்பார். வாரத்துக்கு ஒருமுறை பலகையைப் பார்த்து, எந்த நிரலில் அட்டைகள் தேங்கி நிற்கின்றன என்று காண்பதும் வேண்டும். ஓர் அட்டை நெடுநாள் அசையாதிருப்பின், சங்கத்தின் விடைக்காகக் காத்திருக்கிறதா, நிறுவனத்தின் சோர்வினால் நின்றதா என்பதைத் தனித்தனி நிலைகளாகக் குறித்தல் இன்றியமையாதது. இரண்டையும் ஒரே பெயரால் வழங்கினால் பொறுப்பு எவர்மேலும் நில்லாது.

இம்மென்பொருள்களில் தாமே எழும் எச்சரிக்கைகளும் உண்டு. வாடிக்கையாளர் எத்தனை முறை உள்நுழைந்தார், எப்பகுதிகளைப் பயன்படுத்தினார், எத்தனை முறைப்பாடு செய்தார் என்பவற்றைக் கூட்டிப் பச்சை, மஞ்சள், சிவப்பு என அவர் நிலையைக் காட்டும். பதினான்கு நாட்கள் எவரும் உள்நுழையாவிடின் சிவப்பாக்கு என்று விதி வகுத்திருந்தால், அப்படியே செய்து, உரிய ஊழியருக்கு ஒரு வேலையையும் ஒப்படைக்கும்.

இங்கேதான் கவனம் தேவை. வாடைக்காற்று மும்முரமாக வீசும் நாட்களிற் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் கரையேறி நிற்கும். நண்டும் இல்லை, நிறுவையும் இல்லை. கணக்கில் ஏற்ற ஒன்றும் இல்லை. திரையோ சங்கத்தைச் சிவப்பாகக் காட்டும். சிவப்பைக் கண்ட ஊழியர், அவர்கள் நம்மை விட்டு விலகுகின்றனர் என எண்ணி விலைக்கழிவு தருவதாக மடல் வரைந்தால் அது வீண். தொலைபேசியில் அழைத்து, தொழில் எப்படி என்று கேட்டால் உண்மை ஒரே நிமிடத்தில் விளங்கும். காற்றுக்காலம் என்று காலவரிசையிற் குறித்துவைத்தால், அடுத்த ஆண்டு அவ்விடத்துக்கு வரும் புதிய ஊழியரும் தடுமாறார். திரை காட்டுவது இன்மையை. இன்மையின் காரணத்தை மனிதரே கேட்டறிதல் வேண்டும்.

முடிந்தது என்ற குறியிலும் இதே ஏமாற்றம் உண்டு. பயிற்சி நடந்தது உண்மை. அட்டையும் கடைசி நிரலுக்குப் போயிற்று. ஆயினும் எழுதுவினைஞர் தாமாக ஒரு மாதக் கணக்கை எழுதி முடித்தாரா? முடிவுக்குரிய அடையாளத்தை ஊழியரின் செயலில் வைக்காது, வாடிக்கையாளரின் பயனில் வைப்பதே சிறந்த முறை. பயிற்சி அளிக்கப்பட்டது என்பதினும், சங்கம் முதல் மாதக் கணக்கைத் தானே முடித்தது என்பதே உறுதியான படியாகும்.

இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு முதற்சட்டம் 1911 இல் வந்தது. அங்கத்தவர் முன்னிலையிற் கணக்கை வாசித்துக் காட்டும் வழக்கம் இச்சங்கங்களின் உயிர்நாடி. தம் பெயருக்கு நேரே உள்ள தொகை சரியென்று கேட்டறிந்தவரே அமைதியாக வீடு திரும்புவார். புதிய திரையும் அந்தப் பழைய நம்பிக்கையைக் காக்கவே வந்துள்ளது. அடுத்த படி யார் கையில் என்பதற்கு எப்போதும் ஒரு பெயர் அதில் நிற்குமானால், சுருவிலில் வலை இழுப்பவரின் கணக்கும் வழியில் தவறிப் போகாது.